இரண்டு பக்கமும் ஒவ்வொரு சதீஷ்

பளுதூக்கல் சட்டத்தின் எடை 20 கிலோ. தட்டுகள் நழுவாமலிருக்க இரண்டு முனையிலும் மாட்டும் பூட்டுகள் தலா இரண்டரைக் கிலோ. 2014 ஜூலையில் கிளாஸ்கோ பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் தலைக்கு மேல் நிறுத்தியது 179 கிலோ. சட்டத்தையும் பூட்டுகளையும் கழித்தால் மிச்சம் 154. பக்கத்துக்கு 77. அவர் போட்டியிட்டதே 77 கிலோப் பிரிவில்தான். ஆக, சட்டத்தின் இந்த முனையில் ஒரு சதீஷ், அந்த முனையில் இன்னொரு சதீஷ், நடுவில் நிற்கும் மூன்றாவது சதீஷ் இரண்டு பேரையும் தாங்குகிறார். கணக்கு இப்படிப் பொருந்தி வந்தது தற்செயல்தான். தாங்கியது தற்செயல் இல்லை.

அன்றைக்கு அதற்கு முன்பே, தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோகும் ஸ்னாட்ச் முறையில் அவர் 149 கிலோ தூக்கியிருந்தார். அது அந்தப் போட்டியின் புதிய சாதனை. இரண்டும் சேர்த்து 328 கிலோ, தங்கம். வெள்ளி வாங்கிய சக இந்தியர் ரவிக்குமார் கட்டுலு 317இல் நின்றுவிட்டார்.

எப்படி முடிகிறது என்று கேட்டால், உடம்பில் தெம்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகலாம். இலங்கை மலையகத்தின் பூனாகலைப் பக்கம் பிறந்த யாரும் அந்தப் பதிலை முழுசாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இங்கே பாரம் என்பது தினப்படி வேலை. உரம் வருகிற நாளில் லொறிக்குப் பக்கத்தில் நின்று, ஐம்பது கிலோ மூட்டையை ஒருவர் தரையிலிருந்து தோளுக்கு ஏற்றுவதைக் கவனித்துப் பாருங்கள். கையை விடுங்கள், முழங்காலைப் பாருங்கள். மூட்டையின் இரண்டு காதையும் பிடித்து முதலில் தொடைக்கு இழுக்கிறார். அங்கே ஒரு கணம் நிறுத்துகிறார். முழங்கால் லேசாக மடிகிறது, இடுப்பு வெடுக்கென்று முன்னால் வருகிறது, மூட்டை மேலே எழும்புகிறது. எழும்பிய மூட்டை திரும்பி விழுவதற்குள் தோளைக் கீழே கொடுத்துவிடுகிறார். புதிதாக வேலைக்கு வரும் பையன் கையாலேயே தூக்கப் பார்த்துத் திணறுவான். “கையால தூக்காத தம்பி, இடுப்பால தூக்கு” என்று பெரியவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். கிளாஸ்கோ மேடையில் நடந்ததும் அடிப்படையில் இதுதான். பாரம் மேலே போவது பாதி வேலை. ஆள் பாரத்துக்குக் கீழே போவது மீதிப் பாதி.

இதைக் கணக்கில் பார்க்கலாம். ஸ்னாட்ச் தூக்கும் நல்ல வீரர் ஒருவரின் சட்டம் அதிகபட்சமாக நொடிக்கு இரண்டு மீற்றருக்குச் சற்றுக் குறைவான வேகத்தை எட்டுகிறது. 1.8 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் மேல்நோக்கிப் போகும் எந்தப் பொருளும், அதற்குப் பிறகு யாரும் தொடாவிட்டால், புவியீர்ப்பை எதிர்த்து இன்னும் 16, 17 சென்றிமீற்றர்தான் ஏறும். ஏற எடுக்கும் நேரம் நொடியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. சட்டம் நெஞ்சு மட்டத்துக்குப் போய் நின்றுவிடுகிறது. அதைத் தலைக்கு மேல் கொண்டுபோகும் தெம்பு உலகத்தில் எந்த வீரருக்கும் மிச்சமில்லை. எனவே வீரர் தலையைக் கீழே கொண்டுவருகிறார். சட்டம் ஓய்ந்து நிற்கும் அந்தக் கணத்தில் பாதங்கள் தரையை விட்டுத் தூக்கி அகல விழுகின்றன, உடம்பு முழுக் குந்தலுக்கு இறங்குகிறது, கைகள் நீண்டு பூட்டிக்கொள்கின்றன. பார்ப்பவர்களுக்குச் சட்டம் பறந்துபோனதாகத் தோன்றும். மெதுவாக ஓட்டிப் பார்க்கும் காணொளியில் சட்டம் கிட்டத்தட்ட அந்தரத்தில் நிற்க, ஆள்தான் விழுகிறார்.

தரையிலிருந்து முழங்கால் வரை சட்டம் மெல்லத்தான் வருகிறது. அவசரப்பட்டால் முதுகு வளைந்துவிடும். முழங்காலைத் தாண்டியதும் ஒரு விநோதம் நடக்கிறது. நிமிர்ந்துகொண்டிருந்த முழங்கால் மறுபடி கொஞ்சம் மடிகிறது. பிழை செய்துவிட்டாரோ என்று தோன்றும். பிழை இல்லை. இழுபட்ட தசை உடனே சுருங்கினால், சும்மா இருந்து சுருங்குவதைவிட அதிக விசை தரும். நீங்களே செய்து பார்க்கலாம். முழங்காலை மடித்து, மூன்று எண்ணும் வரை ஆடாமல் இருந்து, பிறகு குதியுங்கள். அடுத்தது, நின்ற நிலையிலிருந்து சட்டென்று தாழ்ந்து அதே மூச்சில் குதியுங்கள். இரண்டாவது குதிப்புத்தான் உயரம். உர மூட்டை தொடையில் இருக்கும்போது அந்த ஆளின் முழங்கால் லேசாக மடிந்ததும் இதற்காகத்தான்.

முழங்கால் இப்படி மடிந்து நிமிரும்போது வரும் இரண்டாவது இழுப்பு நீடிப்பது நொடியில் ஐந்தில், ஆறில் ஒரு பங்கு. அதற்குள் கனத்த வீரர்களின் உடம்பு நாலாயிரம் வாட் வரை திறனை வெளியிடுவதை அளந்திருக்கிறார்கள். ஐந்து குதிரைத் திறனுக்கு மேல். பளுதூக்கலைப் பலத்தின் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது வேகத்தின் விளையாட்டு. நல்ல பளுதூக்கல் வீரர்கள் நின்ற இடத்திலிருந்து உயரக் குதிப்பதில் தடகள வீரர்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை.

சட்டமும் சும்மா இருப்பதில்லை. ஆண்களுக்கான சட்டம் 2.2 மீற்றர் நீளம், பிடிக்கும் இடத்தில் 28 மில்லிமீற்றர் தடிப்பு. பெண்களுக்கு 15 கிலோ எடை, 25 மில்லிமீற்றர். தட்டுகள் மாட்டும் முனைகள் தனியாகச் சுழலும். வீரர் மணிக்கட்டைப் புரட்டும்போது கனத்த தட்டுகளும் கூடவே புரள வேண்டியிருந்தால் மணிக்கட்டு முறிந்துவிடும். முனைகள் சுழல்வதால் தட்டுகள் அப்படியே நிற்க, நடுத்தண்டு மட்டும் புரள்கிறது. பிறகு நெஞ்சிலிருந்து தலைக்கு மேல் எறியும் ஜெர்க். வீரர் சற்றுத் தாழும்போது நடுத்தண்டும் தாழும், முனையிலிருக்கும் தட்டுகள் தாமதிக்கும், இரும்பு வளையும். வளைந்த இரும்பு நிமிரும் தருணமும் வீரர் எழும்பும் தருணமும் ஒன்றாக வந்தால் இரும்பும் சேர்ந்து தூக்கிவிடும். கொஞ்சம் பிந்தினால் அதே இரும்பு எதிராளியாகிவிடும்.

இந்த வசதிகள் எதுவும் இல்லாத ஒரு பளுதூக்கல் நம்மவர்களிடம் இருந்தது. நம் பாட்டன் பூட்டன்மார் விட்டுவந்த தெற்குத் தமிழ்நாட்டு ஊர்களில் கோயிலடியிலும் சாவடியிலும் இன்றும் கிடக்கும் இளவட்டக்கல்தான் அது. வழவழப்பான உருண்டைக் கல். பிடிக்க விளிம்பும் இல்லை, பள்ளமும் இல்லை. இதைத் தூக்கினால்தான் பெண் கொடுப்பார்கள் என்று கதை உண்டு, கல்யாணக்கல் என்றும் பேர். திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கலுக்கு இந்தப் போட்டி இப்போதும் நடக்கிறது, பெண்களும் தூக்குகிறார்கள். முறையைப் பாருங்கள். குந்தி உட்கார்ந்து கல்லைக் கட்டி அணைத்து, முதலில் தொடைக்கு, தொடையிலிருந்து நெஞ்சுக்கு, நெஞ்சிலிருந்து தோளுக்கு உருட்டி, பின்பக்கமாகப் போட்டுவிட வேண்டும். உர மூட்டையின் அதே ஒழுங்கு. கல் உருண்டையாக இருப்பதால் அதன் எடைமையத்தை உடம்புக்கு நேராகக் கொண்டுவரவே முடியாது, எப்போதும் ஒரு சாண் முன்னால் நிற்கும். அதனால் முதுகுக்கு விழும் இழுப்பு அதிகம். இரும்புச் சட்டம் காலை உரசிக்கொண்டு மேலே வரும். அதனால்தான் சட்டத்தில் 179 சாத்தியமாகிறது, கல்லில் அதே ஆளால் அவ்வளவு முடியாது.

இனி உடம்பின் அளவுக்கு வருவோம். பெரிய ஆள்தான் அதிகம் தூக்குவார் என்பது சரி. ஆனால் தன் எடைக்கு எத்தனை மடங்கு என்று கேட்டால் கதை தலைகீழாகிவிடும். 2021இல் ஒரே ஊரில், உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்டில், இரண்டு உலக சாதனைகள் நடந்தன. ஏப்ரலில் 49 கிலோப் பிரிவில் மணிப்பூரின் மீராபாய் சானு, முதலில் நெஞ்சுக்கும் பிறகு தலைக்கு மேலும் தூக்கும் கிளீன் அன்ட் ஜெர்க் முறையில் 119 கிலோ தூக்கினார். டிசம்பரில் ஜோர்ஜியாவின் லாஷா தலகாட்சே 267 கிலோ தூக்கினார். உலகத்திலேயே அதிகம் அவர்தான். ஆனால் அவருடைய சொந்த எடையே 180 கிலோ அளவில் இருந்தது. தன் எடைக்கு ஒன்றரை மடங்குதான். மீராபாய் தூக்கியது இரண்டே முக்காலுக்கும் இரண்டேகாலுக்கும் நடுவில். 1988இல் சோலில், 60 கிலோப் பிரிவில், துருக்கியின் நயீம் சுலைமானோக்லு 190 கிலோ தூக்கியபோது மூன்று மடங்கையும் தாண்டிவிட்டார். அவருடைய உயரம் ஐந்தடிகூட இல்லை.

காரணம் எளிய வடிவக்கணக்கு. தசையின் பலம் அதன் குறுக்குவெட்டின் பரப்பைப் பொறுத்தது. எடை கன அளவைப் பொறுத்தது. ஓர் ஆளை உயரம், அகலம், தடிப்பு மூன்றிலும் இரட்டிப்பாக்கினால் பலம் நான்கு மடங்காகும், எடை எட்டு மடங்காகிவிடும். தன் உடம்பைத் தூக்கிக்கொண்டு எழும்புவதே அவருக்குப் பெரும்பாடு. 1956இல் லீட்ஸ்கி என்ற அமெரிக்க ஆய்வாளர் அன்றைய பளுதூக்கல் சாதனைகளை எடுத்து, ஒவ்வொரு பிரிவின் உடல் எடைக்கும் எதிராக வரைந்து பார்த்து ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார். சாதனைகள் உடல் எடையின் மூன்றில் இரண்டு அடுக்கை ஒட்டியே ஏறின. வடிவக்கணக்கு சொல்வதும் அதே மூன்றில் இரண்டு.

அந்தக் காலத்து அமெரிக்க வீரர்களில் ஒருவர் தனி ஆளாகவே இந்தக் கோட்டின் மேல் நடந்தவர். டாமி கோனோ. சக்ரமென்டோவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளிப் பிள்ளை, ஆஸ்துமாக்காரர், நோஞ்சான். 1942இல் அமெரிக்க அரசு தன் நாட்டு ஜப்பானிய வம்சாவளியினரை வீடு வாசலை விட்டுக் கிளப்பி முள்வேலி முகாம்களில் அடைத்தபோது, கோனோவின் குடும்பம் டூல் லேக் முகாமுக்குப் போனது. அங்கிருந்த வறண்ட காற்றில் மூச்சுக்கோளாறு குறைந்தது. பக்கத்து ஆட்களிடமிருந்து பளு தூக்கவும் பழகினார். தன்னை அடைத்து வைத்த நாட்டுக்கே 1952இலும் 1956இலும் ஒலிம்பிக் தங்கமும் 1960இல் வெள்ளியும் வாங்கிக் கொடுத்தார். அவற்றை 67.5, 82.5, 75 என மூன்று வெவ்வேறு பிரிவுகளில் வாங்கினார். உலக சாதனைகளோ நான்கு பிரிவுகளில். அணிக்கு எந்த இடத்தில் ஆள் தேவையோ அங்கே போவதற்காகச் சாப்பாட்டைக் கூட்டியும் குறைத்தும் உடம்பை மாற்றிக்கொண்டே இருந்தவர். மலையகத்தவருக்கு இந்தக் கதையில் தனியாகக் கேட்கும் ஒரு சுருதி இருக்கிறது. நீ இந்த நாட்டு ஆள்தானா என்று கேட்கப்பட்டவர்கள் நாமும்தானே.

எடைப் பிரிவு என்பது எவ்வளவு கறாரான விஷயம் என்பதற்கு அதே அணியின் சார்ல்ஸ் வின்சி. 1956 மெல்பேர்ன் ஒலிம்பிக்கில் 56 கிலோப் பிரிவுக்கு எடை பார்த்தபோது இருநூறு கிராம் அளவில் கூடிவிட்டது. ஓடினார், வியர்த்தார், கடைசியில் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு தராசில் ஏறினார். தங்கமும் வென்றார். அதே போட்டியின் கனத்த பிரிவில் அமெரிக்காவின் போல் அன்டர்சனும் ஆர்ஜென்டீனாவின் செல்வெட்டியும் சரிசமமாக 500 கிலோ தூக்க, உடல் எடை குறைவு என்பதற்காக அன்டர்சனுக்குத் தங்கம் போனது. குறைவான அந்த எடையே 137 கிலோவுக்கு மேல். பிற்காலத்தில் அமெரிக்கர்கள் பின்தங்கிவிட்டார்கள். 2000இல் டாரா நாட் வென்ற பிறகு அடுத்த ஒலிம்பிக் தங்கத்துக்கு 2024 பாரிஸ்வரை, ஒலிவியா ரீவ்ஸ் வரும்வரை காத்திருந்தார்கள்.

பொதுநலவாயப் போட்டிகளில் நம் பக்கத்துப் பதக்கங்களை அடுக்கிப் பார்த்தால் இன்னொன்று தெரியும். 1978இல் எட்மன்டனில் தமிழ்நாட்டின் ஏகாம்பரம் கருணாகரன் தங்கம் வென்றது 52 கிலோவில், தமிழ்ச்செல்வன் வெள்ளி வென்றது 56இல். 2006இல் மெல்பேர்னில் இலங்கைக்குத் தங்கம் கொண்டுவந்த சிந்தன விதானகே 62இல். 2018இல் கோல்ட் கோஸ்டில் மீராபாய் தங்கம் வென்ற அதே 48 கிலோ மேடையில் வெண்கலம் பெற்றவர் நம் தினுஷா கோமஸ். 2022 பேர்மிங்ஹாமில் இசுரு குமார 55 கிலோவில் 225 தூக்கி வெண்கலம் வாங்கினார். எல்லாம் சின்ன உடம்புகள். கை கால் குட்டையானால் சட்டம் ஏறவேண்டிய தூரமும் குறைவு, முதுகுக்கு விழும் இழுப்பும் குறைவு. உருவம் சிறியது என்று மலைநாட்டுப் பிள்ளைகளை விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் நிறுத்தி வைக்கும் ஆசிரியர்கள் இந்த விளையாட்டைக் கொஞ்சம் யோசிக்கலாம். ஒன்றைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். பரம்பரையாகக் குட்டையாக இருப்பது வேறு, சாப்பாடும் இரத்தமும் போதாமல் வளர்த்தி நின்றுபோவது வேறு. முதலாவது இந்த விளையாட்டில் வசதி. இரண்டாவதால் தசையும் சேர்ந்தே குறைந்துவிடும்.

மீராபாயைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை, பன்னிரண்டு வயதில் அண்ணனால் தூக்க முடியாத விறகுக்கட்டை அவர் தூக்கிக்கொண்டு மலையிறங்கினார் என்பது. இங்கே உடனே ஒரு கேள்வி வரும். லயத்துக்கு விறகு சுமக்காத பிள்ளை யார், கொழுந்துப் பை சுமக்காத அம்மா யார்? நாளுக்குப் பதினெட்டு, இருபது கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழும், இல்லாவிட்டால் அரைப் பேர். நிறுவைக்கு மடுவத்துக்குப் போகும் அக்காமார் எல்லோரும் பளுதூக்கல் வீராங்கனைகளாகியிருக்க வேண்டுமே?

சுமப்பதும் தூக்குவதும் உடம்புக்கு வெவ்வேறு வித்தை. தூக்குவதற்கு, வேகமாகச் சுருங்கி வேகமாகக் களைக்கும் தசைநார்கள் வேண்டும். அவற்றை இயக்கும் நரம்புகள் எல்லாம் ஒரே கணத்தில் கட்டளை அனுப்பவும் வேண்டும். பழகாத உடம்பில் நரம்புகள் முறைவைத்து வேலை செய்யும். பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் தசை தடிக்காமலே தூக்கும் எடை கூடுவது நரம்புகள் ஒன்றுசேரப் பழகுவதால்தான். சுமப்பதற்கு வேண்டியது சிக்கனம். கென்யாவின் லுவோ, கிக்கூயூ பெண்கள் தம் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை, வெறுங்கையோடு நடப்பதைவிட அதிக சக்தி செலவில்லாமல் சுமப்பதாக 1986இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 2005இல் வெளியான இன்னோர் ஆய்வுக்காக நேபாளத்தில் நாம்சே சந்தைக்கு மலையேறும் சுமையாளர்களை நிறுத்திப் பார்த்தார்கள். ஆண்கள் சராசரியாகத் தம் எடையில் 93 வீதம், பெண்கள் 66 வீதம் சுமந்தார்கள். கூடையின் வார் நெற்றிக்கு மேல் தலையில் படிந்திருக்கும். கூடை போய்ப் பை வருவதற்கு முன்னால் நம் தோட்டங்களில் கொழுந்துக்கூடைக் கயிறு படிந்த அதே இடம். அங்கே படிந்தால் பாரம் கழுத்தின் வழியே நேராக முதுகெலும்புக்கு இறங்கும், தோளைத் தசை தூக்கிப்பிடிக்க வேண்டியதில்லை. நேபாளத்தார் மெதுவாக நடப்பார்கள், அடிக்கடி நிற்பார்கள். நிற்கும்போது கூடைக்கு அடியில் முட்டுக்கொடுக்க ஒரு கைத்தடியும் வைத்திருப்பார்கள். நாள்கணக்கில் மலையேறும் அந்த ஆளிடம் சதீஷின் சட்டத்தைக் கொடுத்தால் முழங்காலுக்கு மேல் வராது. சதீஷிடம் அந்தக் கூடையைக் கொடுத்து நாம்சேக்கு அனுப்பினால் முதல் மேட்டிலேயே மூச்சு வாங்கிவிடும்.

நரம்பெல்லாம் ஒரே கணத்தில் கட்டளை அனுப்புவதற்கு விலையும் உண்டு. 2018 கோல்ட் கோஸ்டுக்கு முன்னால், இந்தியத் தேசியப் போட்டியில் 194 கிலோவுக்கு முயன்றபோது சதீஷின் தொடைத் தசையில் அடிபட்டது. தாழ்ந்து எழும்பும் அந்தக் கணத்தில் முழுப் பாரத்தையும் வாங்குவது அந்தத் தசைதான். காயம் முழுசாக ஆறாமலே மேடையேறி, 144உம் 173உமாக 317 தூக்கி, மறுபடியும் தங்கம் வாங்கினார். நான்கு வருடத்துக்கு முன் கிளாஸ்கோவில் 317 தூக்கியவருக்குக் கிடைத்தது வெள்ளி.

ஆகவே விறகுக்கட்டு மீராபாயை உருவாக்கவில்லை, அடையாளம் காட்டியது. உருவாக்கியது இம்பாலில் இருந்த பயிற்சிக்கூடம். அவருடைய ஊரான நொங்போக் கக்சிங்கிலிருந்து அது இருபது கிலோமீற்றருக்கு மேல். தினம் பஸ்ஸுக்குக் கொடுக்க வீட்டில் வசதியில்லை. ஆற்று மணல் ஏற்றிப்போகும் லொறிகளைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப்போய்ப் பழகினார். டோக்கியோ ஒலிம்பிக்கில் 202 கிலோ தூக்கி வெள்ளிப் பதக்கத்தோடு ஊர் திரும்பியவர், அந்த வழியில் ஓடிய லொறிச் சாரதிகளையும் உதவியாளர்களையும் 2021 ஓகஸ்டில் தேடிப்பிடித்து வீட்டுக்குக் கூப்பிட்டார். நூற்றைம்பது பேர் வந்தார்கள். ஆளுக்கொரு சட்டையும் மணிப்பூர்த் துண்டும் கொடுத்துச் சாப்பாடும் போட்டார்.